சமையல் மேடையில் காபி, டீ, பழச்சாறு கறை: தேய்த்தும் போகவில்லை

பூங்கொடி

எல்லோருக்கும் வணக்கம். புதிதாகக் குடிவந்திருக்கும் வீட்டில் சமையல் மேடை வெள்ளைக் கல். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன கறைகள் நிறைய. கெட்டில் வைக்கிற இடத்தைச் சுற்றிப் பழுப்பு வட்டங்கள். காபியோ டீயோ தெரியவில்லை. சுவரோரமாக உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறத் திட்டு, திராட்சைச் சாறாக இருக்கலாம். மிக்சி இருக்கும் மூலையில் நிறமே இல்லாமல், பளபளப்பு மட்டும் போன சில இடங்கள்.

பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து மெல்லிய துணியால் துடைத்துவிட்டேன். மேலே இருந்த பிசுக்கு போனது, கறை அசையவில்லை. கல் மார்பிளா, குவார்ட்ஸா, கிரானைட்டா என்றும் தெரியாது. வினிகரும் சமையல் சோடாவும் கலந்து ஊற்றச் சொல்கிறார்கள். கம்பி நாரை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எதையும் ஊற்றுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன்.

சுடர்விழி

எலுமிச்சையைப் பாதியாக வெட்டி உப்பில் தொட்டுத் தேயுங்கள் தோழி. பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் டீக்கறை போய்விடும். எங்கள் வீட்டில் எப்போதும் இதுதான்.

கல்வேலை மணி

பூங்கொடி தங்கச்சி, எலுமிச்சை இப்போதைக்கு வேண்டாம். வினிகரும் வேண்டாம். சுடர்விழி சொன்னது கிரானைட்டில் நடக்கும், டைல்ஸில் நடக்கும். மார்பிளாக இருந்தால் கறையோடு கல்லின் மெருகும் போய்விடும். மார்பிள் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிப்பான எதுவும் அதைக் கரைக்கும். மூலையில் நிறமில்லாமல் மங்கிய இடங்கள் இருக்கின்றன என்று சொன்னீர்களே, அதைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

முதலில் கல் என்ன என்று பாருங்கள். சிங்க் வெட்டிய இடத்தில் அடிவிளிம்பு, அல்லது அடுப்புக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத ஓர் இடம். அங்கே ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு இரண்டு நிமிடம் கழித்துத் துடைத்து உலர விடுங்கள். சொட்டு விழுந்த இடம் மட்டும் மங்கியிருந்தால் மார்பிள் வகைதான். சில கல்லில் சின்னச் சின்ன நுரை தெரியும், சிலதில் தெரியாது. நுரையை நம்ப வேண்டாம், பளபளப்பைப் பாருங்கள். அதே அடிவிளிம்பில் கத்தி முனையால் லேசாகக் கீறியும் பார்க்கலாம். மார்பிளில் வெள்ளைக் கோடு விழும். கிரானைட்டும் குவார்ட்ஸும் கத்தியைவிடக் கடினம், அவற்றில் கத்தியின் உலோகத் தடம்தான் பதியும், துடைத்தால் போகும்.

அடுத்து, ஒவ்வொரு கறையும் என்ன வகை என்று பிரிக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மேடையோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். நிறம் அடர்ந்து, பளபளப்பு மட்டும் மற்ற இடம் போலவே இருந்தால் அது உள்ளே இறங்கிய கறை. நிறம் வெளிறி, ஒளி சிதறி மங்கலாகத் தெரிந்தால் அமிலம் அரித்த தடம். நகத்தால் சுரண்டினால் கொஞ்சம் மேடு தட்டுப்படுகிறதா? அது மேலே காய்ந்து ஒட்டிய படலம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அரித்த தடத்தைக் கறை என்று நினைத்து நாள் முழுக்கத் தேய்க்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அங்கே எடுக்க எதுவும் கிடையாது.

தாரணி டீச்சர்

மணி அண்ணா சொன்னதோடு கொஞ்சம் வேதியியலும் சேர்க்கிறேன், ஏனென்றால் எந்தப் பானம் என்று தெரிந்தால் எதைப் போடுவது என்பதும் தெரிந்துவிடும்.

டீயின் செம்பழுப்பு நிறம் இலையைப் பதப்படுத்தும்போது காற்றுப்பட்டு உருவாகும் பாலிஃபீனால்களிலிருந்து வருகிறது. கடின நீரில் போட்ட டீ என்றால் அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து மேலே ஒரு படலமே கட்டும். காபியின் நிறம் கொட்டையை வறுக்கும்போது உண்டாகும் மெலனாய்டின்கள். திராட்சை, நாவல், மாதுளை, சிவப்பு ஒயின் இவற்றில் ஆந்தோசயனின். கோலாவில் கேரமல் நிறமி. கூடவே பாஸ்பாரிக் அமிலம் இருப்பதால் மார்பிளில் கறை ஒருபக்கம், அரிப்பு ஒருபக்கம். எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறுகளும் அரிக்கும், ஆனால் நிறம் அவ்வளவாகப் பிடிக்காது.

இவற்றில் பெரும்பாலான கரிம நிறமிகளை ஆக்சிஜனேற்றம் செய்தால் நிறம் போய்விடும். அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசல். 6 சதவீதம்தான் கிடைத்தால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். வெளிச்சம் பட்டால் வீரியம் குறையும். அதனால்தான் அடர்நிறப் பாட்டிலில் வருகிறது. திறந்து பல மாதம் ஆன பாட்டிலை எடுத்துப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். ஒரு சொட்டை வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் உயிரோடு இருக்கிறது.

வினிகரும் சமையல் சோடாவும் கலப்பது பற்றி: பொங்குவதைப் பார்த்து ஏதோ நடக்கிறது என்று தோன்றும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். கடைசியில் மிஞ்சுவது தண்ணீரும் கொஞ்சம் சோடியம் அசிடேட்டும். சோடா தனியாக நல்ல மென்தேய்ப்பான். வினிகர் தனியாகக் கடினநீர்ப் படலத்தைக் கரைக்கும். சேர்த்தால் இரண்டும் வீண்.

பூங்கொடி

டீச்சர், மணி அண்ணா, மிக்க நன்றி. அடுப்புக்குப் பின்னால் எலுமிச்சைச் சொட்டு விட்டேன், அந்த இடம் மட்டும் மங்கிவிட்டது. கத்தியில் வெள்ளைக் கோடும் விழுந்தது. ஆக மார்பிள்தான்.

டார்ச் வைத்துப் பார்த்ததில் பழுப்பு வட்டங்களும் ஊதாத் திட்டும் உள்ளே இறங்கியவை. மிக்சி மூலையில் இருப்பவை எல்லாம் அரித்த தடங்கள். அதில் ஒன்று டம்ளரின் அடி வட்டமாகவே தெரிகிறது. கறைகளை முதலில் எடுக்கலாம் என்றிருக்கிறேன். எப்படிப் போடுவது?

கல்வேலை மணி

பற்றுப் போட வேண்டும் தங்கச்சி. கறை கல்லின் நுண்துளைகளுக்குள் இருக்கிறது, மேலே தேய்த்து அதைத் தொடவே முடியாது. உள்ளே போகும் ஈரமும், வெளியே இழுக்கும் உலர்ச்சியும்தான் அதைக் கொண்டுவரும்.

சமையல் சோடாவில் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பற்பசைப் பதத்துக்குக் குழையுங்கள். ஓடக் கூடாது, சாய்த்தாலும் இடத்தில் நிற்க வேண்டும். முதலில் கறையுள்ள இடத்தைச் சுத்தமான தண்ணீரால் நனைத்து, மேலே நிற்கும் நீரை ஒற்றி எடுங்கள். இது எதற்கென்றால், காய்ந்த கல் பற்றிலுள்ள ஈரத்தை ஒரேயடியாக உறிஞ்சிக் கறையை இன்னும் கீழே தள்ளிவிடும். பிறகு பற்றை அரை சென்டிமீட்டருக்குக் குறையாத கனத்தில் பூசுங்கள், கறையின் ஓரத்தைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே வர வேண்டும். கறைக்கு மட்டும் அளவெடுத்துப் பூசினால் கறை ஓரத்துக்கு நகர்ந்து வளையமாக நிற்கும்.

மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை மூடி ஓரங்களை டேப்பால் ஒட்டி 24 மணிநேரம் விடுங்கள். அப்புறம் தாளை எடுத்துவிட்டுப் பற்று தானாகக் காய விட வேண்டும். இந்தக் காய்வதுதான் முக்கால்வாசி வேலை. நிறையப் பேர் 24 மணிநேரம் முடிந்ததும் ஈரமாகவே வழித்து எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்தால் உள்ளே கரைந்த நிறம் உள்ளேயே தங்கிவிடும். விளிம்பு வெடித்து, தொட்டால் பொடியாக உதிரும்போது பிளாஸ்டிக் அட்டையால் சாய்த்துத் தள்ளுங்கள். கத்தி, கரண்டி வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. துடைத்தவுடன் பார்த்தால் அந்த இடம் கருத்தே தெரியும். கல் நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நாள் காய்ந்த பிறகே பலன் தெரியும். முழுக்கப் போகாவிட்டால் மறுபடி போடலாம், பழைய கறை ஒரே தடவையில் போவது அபூர்வம்.

முதல் பற்றைக் கண்ணில் படாத இடத்தில் சின்னதாகப் போட்டுப் பாருங்கள். சில வெள்ளை மார்பிளில் இரும்புத் தாதுக்கள் கலந்திருக்கும். அவை பெராக்சைடு பட்டால் மஞ்சளிக்கும். அடர்நிறக் கல் என்றால் வெளிறவும் கூடும்.

தாரணி டீச்சர்

மணி அண்ணா சொன்னதில் சோடா சேர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாட்டில் பெராக்சைடு கெடாமலிருக்கச் சிறிது அமிலத்தன்மையோடு வைத்திருப்பார்கள். சோடா அதைத் தணித்துவிடும், மார்பிளுக்கு அது நல்லது.

குழைத்த மிச்சத்தை டப்பாவில் மூடி வைக்கவே கூடாது. ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், மூடி தெறிக்கும். தேவையான அளவு மட்டும் குழையுங்கள்.

பூங்கொடி, இதைச் சொல்லாவிட்டால் நீங்கள் பதறிவிடுவீர்கள்: ஊதாத் திட்டின் மேல் பற்று வைத்ததும் அது நீலமாகவோ பச்சை கலந்த சாம்பலாகவோ மாறலாம். ஆந்தோசயனின் அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலப்பச்சை. கறை மோசமாகிவிட்டது என்று வழித்தெடுக்காதீர்கள். நிறம் மாறினால் மருந்து அந்த நிறமியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். மீதி வேலையைப் பெராக்சைடு பார்த்துக்கொள்ளும்.

வெண்ணிலா

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? எங்கள் மேடை வெள்ளை டைல்ஸ். துணி வெளுக்கும் குளோரின் பிளீச்சைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் டீக்கறை, காபிக்கறை எல்லாம் போய்விடுகிறது. வருடக்கணக்காகச் செய்கிறேன், டைல்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கல்வேலை மணி

டைல்ஸின் மேல் கண்ணாடிப் பூச்சு இருக்கிறதம்மா, அதை எதுவும் எளிதில் ஒன்றும் செய்யாது. நீங்கள் செய்வது டைல்ஸுக்குப் பொருந்தும். ஆனால் அதே பிளீச்சை ஸ்டீல் மேடையில் ஊற்றினால் குளோரைடு ஸ்டீலைக் குத்திப் புள்ளி புள்ளியாகக் குழி போடும். அது திரும்ப வராது. குவார்ட்ஸில் கல் தூளைக் கட்டிப்பிடித்திருப்பது பிசின், அடிக்கடி பிளீச் பட்டால் அது வெளிறும். மார்பிளை அமிலம் மாதிரி அது அரிக்காது, ஆனால் உள்ளே இறங்கும் உப்பு பிறகு பூத்துக்கொண்டு வரும், கறை சீக்கிரம் இறங்காமலிருக்கக் கல்லில் பூசும் சீலரையும் கெடுக்கும். பெராக்சைடில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, நேரம்தான் கூட எடுக்கும்.

தாரணி டீச்சர்

வெண்ணிலா, டைல்ஸுக்கு நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையில் ஒரு பக்கம் வினிகர், ஒரு பக்கம் எலுமிச்சை, ஒரு பக்கம் பிளீச் என்று பேச்சு ஓடுகிறது. படிக்கிற யாராவது எல்லாவற்றையும் ஒரே மேடையில் அடுத்தடுத்து ஊற்றிவிடக் கூடாதே என்றுதான் கவலை.

குளோரின் பிளீச்சும் எந்த அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வினிகர், எலுமிச்சை, கழிப்பறை கழுவும் அமிலம் எல்லாம் இதில் அடங்கும். பிளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோராமைன். கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் அம்மோனியா இருக்கிறது. சன்னல் மூடிய சமையலறையில் இது நுரையீரலுக்கு ஆபத்து. பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள், பெராசிட்டிக் அமிலம் உண்டாகும், கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஒன்று போட்டுப் பலிக்காவிட்டால் நன்றாகத் தண்ணீர்விட்டுக் கழுவி, உலர்ந்த பிறகே அடுத்தது.

வெண்ணிலா

இந்த அம்மோனியா விஷயம் எனக்குப் புதிது டீச்சர். மேடையையும் சன்னல் கண்ணாடியையும் ஒரே நேரத்தில் துடைக்கிற வழக்கம் பலருக்கும் இருக்கிறது. எல்லோரிடமும் சொல்கிறேன்.

அருண்மொழி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது குவார்ட்ஸ் என்று உறுதியாகத் தெரியும், நானே பார்த்துப் போட்டது. கறையே பிடிக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது கெட்டில் பக்கத்தில் டீ வட்டம். சோப்புக்குப் போகவில்லை. நானும் பற்றுப் போட வேண்டுமா?

கல்வேலை மணி

வேண்டாம் தம்பி, அநேகமாகத் தேவைப்படாது. குவார்ட்ஸ் மேடையில் எடைக்குச் சுமார் 90 சதவீதம் கல் தூள், மீதி பிசின். நுண்துளை கிட்டத்தட்டக் கிடையாது, அதனால் கறை உள்ளே இறங்க வழியில்லை. நீங்கள் பார்ப்பது மேலே ஒட்டிய படலமாகத்தான் இருக்கும். கெட்டில் பக்கம் என்றால் தண்ணீர் தெறித்துக் காய்ந்த சுண்ணாம்புப் படிவு, அதற்குள் டீ நிறம். சோப்பு சுண்ணாம்பைக் கரைக்காது, அதனால்தான் அசையவில்லை.

வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணியில் நனைத்து அந்த வட்டத்தின் மேல் இரண்டு மூன்று நிமிடம் போடுங்கள். குவார்ட்ஸுக்கு இவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாது, ஆனால் ஊறப்போட்டு மறந்துவிடக் கூடாது. பிறகு தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு, சமையல் சோடாவை ஈரத்துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் மீதிப் பழுப்பு வந்துவிடும்.

பச்சை ஸ்கிரப்பர் வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் துகள் குவார்ட்ஸைவிடக் கடினம். பிசினைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், மெருகு போய்விடும். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கும் வெள்ளை ஸ்பாஞ்சும் மெலமைன் நுரைதான், அது மிக நுண்ணிய உப்புத்தாள் வேலை செய்கிறது. அவசரத்துக்கு ஒருமுறை லேசாகத் தடவலாம், தினமும் அதனால் துடைத்தால் அந்த இடம் மட்டும் மங்கித் தனியாகத் தெரியும்.

அப்புறம், கொதிக்கிற பாத்திரத்தை நேராக வைக்காதீர்கள். கல் தாங்கும், பிசின் தாங்காது. சூட்டில் மஞ்சளித்த வட்டத்தைக் காபிக்கறை என்று நினைத்து என்னிடம் காட்டுவார்கள். அதை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது.

அருண்மொழி

போய்விட்டது அண்ணா. வினிகர் துணியை எடுத்ததும் வட்டத்தின் ஓரம் மாவு மாதிரி கையோடு வந்தது. சோடாவுக்குக் கொஞ்சம்தான் வேலை இருந்தது.

செல்வி அக்கா

வாடகை வீட்டுக்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எல்லாருக்கும் கல் மேடை அமைவதில்லை. மைக்கா ஷீட் ஒட்டிய பலகை மேடையில் சிவப்புச் சாறோ கோலாவோ ஊற்றிக்கொண்டால் உடனே ஒற்றி எடுங்கள், இழுத்துத் துடைக்காதீர்கள். காய்ந்துபோனதற்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி அரை மணிநேரம் விட்டு, மெதுவாகத் துடைத்தால் பெரும்பாலும் போகும். போகாததற்கு ஈரப்பஞ்சில் பெராக்சைடு.

அதில் கவனம் வேண்டிய இடம் ஷீட் சேரும் கோடு. அங்கே தண்ணீர் நிற்கவிட்டால் உள்ளே இருக்கும் பலகை ஊறி உப்பிவிடும். கறையைவிட அதுதான் வீட்டுக்காரர் கண்ணில் முதலில் படும், அட்வான்ஸில் பிடிப்பதும் அதற்குத்தான். சொரசொரப்பான மேற்பரப்பு என்றால் நிறம் பள்ளங்களில் தங்கும், பழைய பல்துலக்கியின் மெல்லிய நார் அதற்குச் சரியாக இருக்கும்.

பூங்கொடி

பற்று போட்டதன் பலனைச் சொல்கிறேன்.

ஊதாத் திட்டு டீச்சர் சொன்னபடியே முதலில் சாம்பல் பச்சையானது. நீங்கள் முன்கூட்டிச் சொல்லாதிருந்தால் அப்போதே கழுவிவிட்டிருப்பேன். காய்ந்த பிறகு தள்ளிப் பார்த்தால் பற்றின் அடிப்பக்கம் மஞ்சள் பாரித்திருந்தது, கல்லில் நிழல்போல் ஏதோ கொஞ்சம். மறுபடி போட்டதும் அதுவும் இல்லை. காபி வட்டங்களும் ஒவ்வொன்றாக வெளுத்துவிட்டன.

ஆனால் ஒரே ஒரு வட்டம் மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. மற்றவை பழுப்பு, இது கொஞ்சம் செம்மஞ்சள். ஓரம் மிகவும் கூர்மையாக, காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் இருக்கிறது. பெராக்சைடு போட்டால் இன்னும் அழுத்தமாகிறதோ என்றுகூடத் தோன்றுகிறது. படம் போட்டிருக்கிறேன்.

கல்வேலை மணி

படம் பார்த்தேன். அது பானக் கறையே இல்லை தங்கச்சி, துரு. தகர டப்பாவை ஈரத்தோடு அங்கே வைத்திருக்கிறார்கள். காபித்தூள் டப்பாவோ, பானத்தின் தகரக் குப்பியோ. டப்பாவின் அடிவிளிம்பு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு கூர்மையாகத்தான் துரு வட்டம் விழும். கோப்பையிலிருந்து வழிந்த காபியின் வட்டம் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து இருக்கும். இனிமேல் பற்று போடாதீர்கள். பெராக்சைடு துருவை எடுக்காது.

தாரணி டீச்சர்

துரு ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் ஆன இரும்புதான், அதனால் பெராக்சைடுக்கு அங்கே வேலை இல்லை. துருவைக் கரைக்க வழக்கமாக ஆக்சாலிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ பயன்படுத்துவார்கள். கிரானைட், குவார்ட்ஸ், ஸ்டீல் மேடைகளுக்கு அது சரி. மார்பிளில் துரு போவதற்குள் கல் அரித்துவிடும்.

மார்பிளுக்கென்றே அமிலமில்லாத துருநீக்கிகள் விற்கிறார்கள், பற்று வடிவிலும் வருகின்றன. அவற்றில் ஒரு வகை தயோகிளைகோலேட் சேர்ந்தது, இரும்பைத் தொட்டதும் அந்த இடம் ஊதாவாக மாறும். நாற்றம் கடுமையாக இருக்கும், சன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஊதா வருகிறவரை விட்டு, நன்றாகக் கழுவி, தேவைப்பட்டால் மறுபடி. பாட்டிலில் மார்பிளுக்கு ஆகும் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். துருநீக்கி என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அமிலம்தான்.

சுடர்விழி

மணி அண்ணா, எனக்கும் ஒரு சந்தேகம். எங்கள் கிரானைட்டுக்கு எலுமிச்சை தாராளமாகப் போடலாமா? நீங்கள் நடக்கும் என்றுதான் சொன்னீர்கள்.

கல்வேலை மணி

கிரானைட் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் சேர்ந்த கல், எலுமிச்சை அதை அரிக்காது. ஆனால் கிரானைட் என்ற பெயரில் விற்கிற எல்லாமே கிரானைட் இல்லை. சிலவற்றில் சுண்ணாம்பு நரம்பு ஓடும். அதனால் அடிவிளிம்புச் சோதனை உங்களுக்கும் நல்லது. அடிக்கடி போட்டால் சீலரும் சீக்கிரம் போய்விடும். டீக்கறை என்றால் சோடாக் குழம்பே போதும்மா, எலுமிச்சையைக் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அருண்மொழி

பூங்கொடிக்கு மிக்சி மூலையில் அரித்த தடம் இருக்கிறதே, அதற்குச் சீலர் அடித்தால் சரியாகிவிடும் அல்லவா?

கல்வேலை மணி

ஆகாது. இதில் குழப்பம் அதிகம். சீலர் கல்லின் துளைகளுக்குள் இறங்கி நீரும் எண்ணெயும் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும். தாமதம்தான், தடுப்பு இல்லை. காபி கொட்டினால் ஒற்றி எடுக்க உங்களுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். மேற்பரப்பில் இருக்கும் கல்லை அமிலம் தொடுவதைச் சீலரால் நிறுத்த முடியாது. சீலர் அடித்த மார்பிளிலும் எலுமிச்சைச் சொட்டு விழுந்தால் தடம் விழும்.

அரித்த தடத்துக்கு மெருகு ஏற்ற வேண்டும். லேசான தடம் என்றால் மார்பிள் மெருகுத்தூள் வாங்கி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமான ஃபெல்ட் துணியால் அழுத்தித் தேய்த்தால் வீட்டிலேயே வரும். தேய்க்கும்போது துணி கொஞ்சம் கொஞ்சமாக உலர்ந்து இறுக்கிப் பிடிக்கும், அந்தக் கட்டத்தில்தான் பளபளப்பு ஏறும். விரலால் தடவினால் பள்ளம் தட்டுகிற அளவு ஆழமென்றால் வைர பேட் வைத்துத் தேய்த்து ஏற்றுகிற ஆளைக் கூப்பிடுவதே நல்லது. ஒரே இடத்தை மட்டும் கையால் ஆழமாகத் தேய்த்தால் மேடை அங்கே குழிந்துவிடும், வெளிச்சத்தில் அலையாகத் தெரியும்.

கறை, துரு, தடம் மூன்றும் முடிந்த பிறகுதான் சீலர். கறை உள்ளே இருக்கும்போதே அடித்தால் அதை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி, அப்புறம் பற்றும் வேலை செய்யாது. கல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். பற்று போட்ட இடத்தை இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள். சீலர் பூசி, டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். மேலே காயவிட்டால் அதுவே ஒரு படலமாகிக் கை ரேகையெல்லாம் பதியும்.

தேவையா இல்லையா என்று பார்க்க, மேடையில் சில இடங்களில் தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடம் கருத்திருந்தால் கல் குடிக்கிறது, சீலர் வேண்டும். கருக்காவிட்டால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

பூங்கொடி

தண்ணீர்ச் சொட்டு வைத்த எல்லா இடமும் கருத்துவிட்டது அண்ணா, ஆகச் சீலர் கட்டாயம். அதற்கு முன் துருநீக்கி, மெருகுத்தூள். வரிசை புரிந்துவிட்டது.

வெண்ணிலா

டீச்சர், டைல்ஸ் மேடைக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. டைல்ஸ் பளிச்சென்று இருக்கிறது, இடுக்குதான் காபி நிறத்தில். பிளீச் ஊற்றினால் வெளுக்கிறது, சில நாளில் பழையபடி.

தாரணி டீச்சர்

இடுக்கில் இருப்பது சிமென்ட் கலவை, நன்றாக உறிஞ்சும். பிளீச் மேல்பூச்சை மட்டும் வெளுத்துவிட்டு நிற்கிறது. ஆழத்தில் இருப்பது பிறகு மேலே வருகிறது. துணி துவைக்கும் ஆக்சிஜன் பிளீச் தூள், அதாவது சோடியம் பெர்கார்பனேட், வெதுவெதுப்பான நீரில் கரைத்து இடுக்கில் ஊற்றி அரை மணிநேரம் ஈரமாகவே வைத்திருங்கள். அது நீரில் பெராக்சைடும் சோடியம் கார்பனேட்டுமாகப் பிரியும், நிறத்தையும் பிசுக்கையும் சேர்த்து எடுக்கும். பிறகு நைலான் பிரஷ். நன்றாகக் கழுவி முழுவதும் உலர்ந்ததும் இடுக்குக்கு மட்டும் சீலர் தடவுங்கள், மறுபடி நிறம் பிடிப்பது வெகுவாகக் குறையும். குளோரின் பிளீச் இன்னும் ஈரமாக இருக்கும்போது இதைப் போடாதீர்கள்.

முகிலன்

மர மேடை வைத்திருப்பவர்கள் இங்கே யாரும் இல்லையா? சிங்க் பக்கம் கறுப்பு வட்டங்கள். டீ கொட்டிய இடத்தில் தகர டப்பா இருந்தது. மணி அண்ணா சொன்ன துருவா, டீயா?

தாரணி டீச்சர்

இரண்டும் சேர்ந்தது தம்பி. டீயிலும் பல மரங்களிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. இரும்பும் ஈரமும் அதைத் தொட்டால் கருநீலக் கறுப்பாகிவிடும். முற்காலத்தில் எழுதும் மை செய்ததே இந்த வேதிவினையை வைத்துத்தான், அதனால் சோப்புக்கு அசையாது. பெராக்சைடு மரத்தின் நிறத்தையே வெளுக்கும், இந்தக் கறுப்பை எடுப்பது ஆக்சாலிக் அமிலம். மரவேலைக் கடையில் தூளாகக் கிடைக்கும். அது நஞ்சு, தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. கையுறையும் முகமூடியும் கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

முதலில் எண்ணெய்ப் பூச்சையோ வார்னிஷையோ உப்புத்தாளால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அமிலம் மரத்தைத் தொடாது. டப்பாவில் சொன்ன அளவுக்கு வெந்நீரில் கரைத்து, வட்டத்துக்கு மட்டும் பூசாமல் அந்தப் பலகை முழுக்கப் பூசுங்கள். கறுப்பு கண்ணெதிரே வெளுக்கும். பிறகு நிறையத் தண்ணீரால் பலமுறை துடைத்து, கடைசித் துடைப்புக்குச் சோடா கலந்த நீர்.

முகிலன்

உணவு வைக்கிற இடமாயிற்றே டீச்சர், அப்புறம் எண்ணெய் எது தேய்ப்பது? சமையல் எண்ணெய் போதுமா?

கல்வேலை மணி

மரம் என் தொழில் இல்லை, ஆனால் இதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன் தம்பி. சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும். உணவுத் தரமான மினரல் ஆயில் வாங்குங்கள், மருந்துக்கடையிலும் கிடைக்கும். மரம் முழுக்கக் காய இரண்டு நாள் விட்டு, தாராளமாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவிட்டு, மேலே நிற்பதைத் துடைத்து எடுங்கள். மரம் எண்ணெயைக் குடிக்கிற வரைக்கும் மறுபடி தேய்க்கலாம். தகர டப்பாவுக்கு அடியில் ஒரு பீங்கான் தட்டு வைத்துவிடுங்கள்.